பெரியம்மாவின் குடமும் என் முதுகலைப் படிப்பும்

பிரிட்டனில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் கேரக்டர் அனிமேஷன் எம்.ஏ. படிக்கிறேன், கோவில்பட்டியில் பெரியம்மா வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடி. ஆன்லைன், பகுதிநேரம், இரண்டு வருஷம். அங்கே மாலை 6 மணிக்கு வகுப்பு என்றால் கோடைக்காலத்தில் நமக்கு இரவு பத்தரை. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்துவிட்டால் அது பதினொன்றரை ஆகிவிடும். பகலில் சென்னை ஸ்டுடியோ ஒன்றுக்காக வீட்டிலிருந்தே குழந்தைகள் தொடர் வேலை, ராத்திரி படிப்பு. ஆறு வருஷமாக இதே தொழிலில்தானே இருக்கிறாய், இனிமேல் இதில் படிக்க என்ன இருக்கிறது என்று கூட வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள். முதல் பருவத்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

எடை தூக்குவதை அனிமேட் செய்யச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் பெட்டி, சூட்கேஸ், கல் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் இடுப்பில் குடம் வைத்து நடக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டேன், தினமும் பார்க்கிற காட்சிதானே என்று. அனிமேட் செய்வதற்கு முன்னால் நாமே அதை நடித்து வீடியோ எடுத்துக்கொள்ள வேண்டும், ரெஃபரன்ஸ் என்போம். மாடியில் பிளாஸ்டிக் குடத்தை எடுத்து, கனமாக இருப்பது போல முகத்தைச் சுளித்து, மெதுவாக நடந்து எடுத்தேன். அதை வைத்து பிளாக்கிங் செய்து, அதாவது முக்கியமான போஸ்களை மட்டும் வரிசையாக நிறுத்தி, அனுப்பினேன். எங்கள் ஆசிரியை தன் வாழ்நாளில் ஒரு குடத்தைக் கையில் எடுத்திருக்க மாட்டார். இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பாத்திரம் காலியாக இருக்கிறது" என்றார். என் திரையின் மேலேயே சிவப்புக் கோடு போட்டுக் காட்டினார்: தோள்கோடும் இடுப்புக்கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தன, முதுகெலும்பு நேராக நின்றது. முகம் மட்டும்தான் கனத்தைச் சுமந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் பெரியம்மாவிடம் சொன்னேன். "வெறுங்குடத்தத் தூக்கிட்டு நடந்தா பாக்கறவுகளுக்குத் தெரியாதாய்யா? நாளைக்குக் குழாய்ல தண்ணி வரும், அப்ப எடு" என்றார்.

எடுத்தேன். முன்பக்கம் ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை. 15 லிட்டர் பிடிக்கும் குடம், தண்ணீர் மட்டுமே 15 கிலோ. அந்த வீடியோவை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்த அந்த வாரத்தில் நான் கற்றுக்கொண்டது அதற்கு முந்தைய சில வருஷங்களில் கற்றதைவிட அதிகம் என்றே நினைக்கிறேன். பெரியம்மா குடத்தைத் தரையிலிருந்து நேராக இடுப்புக்குக் கொண்டுபோவதே இல்லை. முதலில் குனிந்து வாயைப் பிடித்துத் தன் பக்கம் சாய்க்கிறார், அப்புறம் தொடைக்கு ஏற்றுகிறார், அங்கே ஒரு சின்ன நிறுத்தம், அந்த இடைவெளியில் காலை மாற்றி ஊன்றிக்கொண்டு, ஒரே உந்தில் இடுப்புக்குப் போகிறது. அந்த நிறுத்தம் 9 ஃப்ரேம். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் அரை நொடிகூட இல்லை, ஆனால் அதை எடுத்துவிட்டால் குடம் மறுபடியும் காலியாகிவிடுகிறது! நடக்கும்போது குடம் இருக்கும் பக்கம் இடுப்பு வெளியே தள்ளி நிற்கிறது, மேலுடம்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது, மற்றக் கை உடம்பைவிட்டு விலகிக் காற்றைத் துழாவுகிறது. முகத்தில் சுளிப்பே கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே வருகிறார்.

இந்தப் படிப்பில் சேரும்வரை, வேலைக்கு நடுவே எனக்கு இதைப் பார்க்க நேரம் இருந்ததில்லை என்பதுதான் உண்மை. வாரத்துக்கு இத்தனை நொடி முடித்துக் கொடுக்க வேண்டும் என்ற கணக்கில், ஏற்கெனவே செய்துவைத்த நடையை எடுத்து ஒட்டி, கொஞ்சம் மாற்றி அனுப்பிவிடுவோம். பிளாக்கிங்கிலிருந்து ஸ்ப்லைனுக்கு, அதாவது போஸ்களைத் தொடர்ச்சியான அசைவாக இணைக்கும் கட்டத்துக்கு, மாற்றும்போது கணினியே போஸ்களுக்கு நடுவே இழைத்துக் கொடுத்துவிடும், கை, தலை, இடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் போய்ச் சேரும், கேரக்டர் தண்ணீருக்குள் நடப்பது போல மிதக்கும். அந்த மிதப்பு என் கண்ணுக்குப் பழகியே போயிருந்தது. இப்போது அசைவை வளைகோடுகளாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் ஒவ்வொரு வளைவாக உட்கார்ந்து அதை உடைக்கிறேன்.

எம்.ஏ. என்பதால் எழுதவும் வேண்டும், இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. மொத்தம் 180 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு, ஆக 1,800 மணி நேரம். அதில் ஒரு பகுதி கட்டுரை. நான் மய்பிரிட்ஜை எடுத்துக்கொண்டேன். 1878-ல் கலிபோர்னியாவில் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம் பிடித்தவர், 1887-ல் மனிதர்கள், விலங்குகளின் அசைவுகளை 781 படத் தாள்களாக வெளியிட்டவர். அவற்றில் தண்ணீர் ஜாடி சுமக்கும் பெண்களும் உண்டு. தோளில் ஜாடி வைத்தவரின் முதுகையும் இடுப்பில் குடம் வைத்த என் பெரியம்மாவின் முதுகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு போட்டு எழுதினேன். ஆங்கிலத்தில் அவ்வளவு நீளமாக எழுதியது கடினமாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு போஸ் ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று வாக்கியமாகச் சொல்லத் தெரிந்த பிறகு அதைச் செய்வது சுலபமாகிறது.

சேரலாமா என்று கேட்பவர்களுக்கு: பதிவு செய்த பாடங்கள் எத்தனை என்று பார்க்காதீர்கள், அவை எங்கும் கிடைக்கும். உங்கள் ஷாட்டை வாரா வாரம் ஒருவர் பார்த்து, மேலே கோடு போட்டுத் திருத்தித் தருவாரா, ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், இந்த இரண்டையும் பணம் கட்டும் முன் எழுதிக் கேட்டு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மாயா என்ற அனிமேஷன் மென்பொருளுக்கு மாணவர் உரிமம் ஒரு வருஷத்துக்கு இலவசம், புதுப்பித்துக்கொள்ளலாம், அதை வைத்துச் சம்பாதிக்கும் வேலை மட்டும் செய்யக்கூடாது. பிளெண்டர் என்ற இன்னொரு மென்பொருள் எப்போதுமே இலவசம். தனியாக உட்கார்ந்து படிக்கும் அலுப்பு மட்டும் பெரிசு. ஸ்டுடியோவில் என்றால் பின்னால் நடந்து போகிறவர் நின்று பார்த்து ஏதாவது சொல்வார், இங்கே அது கிடையாது. நாங்கள் நாலு பேர் சனிக்கிழமைகளில் வீடியோ அழைப்பைப் போட்டுவைத்துக்கொண்டு, பேசாமல் அவரவர் வேலையைச் செய்கிறோம். அது எனக்குப் பெரிய துணை.

இப்போது இறுதிப் படைப்பு ஓடுகிறது. 40 நொடிக் குறும்படம், ஒரு வயதான பெண், ஒரு தெருக்குழாய், இரண்டு குடம். ஏழாவது ஷாட்டில் அவர் முதல் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிமிர வேண்டும். இறக்குவது தூக்குவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது, தண்ணீர் தளும்பாமல் கடைசி இரண்டு அங்குலத்தில் கை எப்படித் தாமதிக்கிறது என்று இன்னும் பிடிபடவில்லை. வியாழக்கிழமை தண்ணீர் வரும். பெரியம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.