மடுவத்துத் தராசும் ஜாவாவும்

ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான மடுவத்து இலத்திரனியல் தராசின் எடையை சி++ நிரலொன்று வாசிக்கிறது. தொழிற்சாலைக் கணக்குகளோ நிரல்களுக்கிடையே செய்திகளைக் கடத்தும் அப்பாச்சி கேமல் வழியாக ஜாவாவில் ஓடுகின்றன. இரண்டையும் ஒரே நிரலாக மாற்ற முயல்வது வீண்வேலை என்பதால், நடுவே செய்திகளை வாங்கிவைத்துக் கொடுக்கும் ஆக்டிவ்எம்கியூ வரிசையொன்றை வைத்தேன். ஜாவா பக்கம் அதனுடன் பேசப் பயன்படும் ஜேஎம்எஸ் என்பது ஜாவாவுக்கான இடைமுகமே தவிர, கம்பியில் செல்லும் நெறிமுறை அன்று. ஆகவே சி++ பக்கம் ஸ்டோம்ப் என்ற நெறிமுறையில் பேசுகிறது. அது வெறும் எழுத்துவரிகளால் ஆனது, 61613ஆம் போர்ட்டில் சாக்கெட் திறந்தாலே போதும்.

இடறியது தமிழில்தான். செய்தி உடலின் நீளத்தைச் சொல்லும் தலைப்பில் எழுத்துகளை எண்ணிப் போட்டிருந்தேன். அங்கு வேண்டியதோ பைட்டுகள். ‘மடுவம்’ கண்ணுக்கு 4 எழுத்து, யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் 18 பைட்டுகள். சொன்ன நீளம் முடிந்த இடத்தில் செய்தியின் முடிவைக் குறிக்கும் பூச்சிய பைட்டைக் காணாத ஆக்டிவ்எம்கியூ, செய்தியைப் பிழையென்று திருப்பி அனுப்பியது. ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டே என்பதால், ஆங்கிலத்தில் சோதித்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது! அத்தலைப்பு இருந்தால் ஜாவா பக்கம் செய்தி பைட்டுகளாகவே சேரும் என்பதால், கேமல் பாதையில் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு எழுத்தாக மாற்றுகிறேன்.

மழைநாளில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். ஸ்டோம்பில் அனுப்புபவை இயல்பாக வட்டில் பதியப்படாததால், நிலைத்திருக்கக் கோரும் தலைப்பையும் சேர்த்தேன். செய்தி கிடைத்ததென ஆக்டிவ்எம்கியூ அனுப்பும் பற்றுச்சீட்டுச் சட்டகம் திரும்பி வரும்வரை ஒவ்வோர் எடையும் மடுவத்துக் கணினியிலேயே காத்திருக்கிறது.