வாலுக்கு மூன்று மடங்கு

ஐரோப்பிய மீன்பிடித் தரவுகளைச் சரிபார்க்கும் வேலையில் நான் சேர்ந்த புதிது. மாங்க்ஃபிஷ் என்ற கடல்மீனின் கணக்கில் ஒரு துறைமுகம் இடித்தது. பிடித்த எடையில் மூன்றில் ஒரு பங்குதான் மனித உணவுக்காகக் கரையிறங்கியதாக இருந்தது. மீதி எங்கே? குறைத்துக் காட்டுகிறார்கள் என்று நானே முடிவுகட்டி, கொஞ்சம் கடுமையாகவே விளக்கம் கேட்டு எழுதிவிட்டேன்.

தப்பு என்னுடையது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டின் கரையிறக்கக் கணக்கில் இருப்பது கரைக்கு வந்த சரக்கின் எடை. பிடிப்புக் கணக்கில் இருப்பது முழு மீனின் எடை. இந்த மீனுக்குப் பெரும்பகுதி தலைதான். பல படகுகளில் கடலிலேயே தலையை வெட்டிவிட்டு, வாலை மட்டும் ஐஸில் அடுக்கிக் கொண்டுவருவார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி வாலின் எடையை 3 ஆல் பெருக்கினால் முழு மீன். தலையோடு, குடலை மட்டும் நீக்கிக் கொண்டுவந்ததென்றால் 1.22 ஆல். வாலா, முழு மீனா என்று சொல்லும் அந்த ஒரு கட்டத்தை நான் பார்க்காமல் விட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அந்த வெட்கம் நாளாகியும் போகவில்லை.

அப்புறம் ஒரு விடுமுறையில் பிரான்சின் லு கில்வினெக் துறைமுகத்துக்குப் போனேன். மாலையில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. ஒரு பெட்டியில் முழு மீன் கிடந்தது. முறம் மாதிரி அகன்ற தலை, உள்பக்கம் சாய்ந்த ஊசிப்பற்கள், தலைமேல் நுனியில் சதைத்துணுக்கு தொங்கும் மெல்லிய தூண்டில். அதை ஆட்டித்தான் சின்ன மீன்களை வாயருகே வரவழைக்கும். எத்தனை மாதம் எண்ணாகவே பார்த்திருக்கிறேன் இதை! அங்கே முழு மீனை போதுருவா என்கிறார்கள், தலை போனதும் லோட். இத்தாலியில் அதே வாலுக்குப் பெயர் 'தேரை வால்'.

ஐரோப்பாவில் பிடிபடுவதில் முக்கியமாக இரண்டு இனம் உண்டு. வயிற்றைத் திறந்தால் உள்சவ்வு ஒன்றுக்கு வெளுப்பு, மற்றதற்குக் கறுப்பு. ஆனால் ஒன்றியம் பல கடல்பகுதிகளில் இரண்டுக்கும் சேர்த்தே பிடிப்புக்கு உச்சவரம்பு வைக்கிறது. பட்டியல்களிலும் பல வரிகள் பொதுப்பெயரில்தான் வருகின்றன. எனக்கு இதுதான் பெரிய கவலை. ஓர் இனம் குறைந்து மற்றது பெருகினால் கூட்டுத்தொகை அசையாமல் நிற்கும். தலையை வெட்டித் தோலையும் உரித்துவிட்டால், எந்த இனம் என்று கரையில் நிற்பவர் சுலபத்தில் சொல்லவும் முடியாது.

அதனால் இப்போது பொதுப்பெயரில் வரி வந்தால், வயிற்றைத் திறக்கும்போதே படகில் இனம் பிரித்து எழுத முடியுமா என்று கேட்டு எழுதுகிறேன். சில துறைமுகங்கள் பிரித்து அனுப்பத் தொடங்கியிருக்கின்றன.