ஆன்டனி நெஸ்டி: தங்கத்துக்குப் பிறகு வந்த வேலை

ஆன்டனி நெஸ்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1988 சியோல் ஒலிம்பிக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள சுரினாம் என்ற சின்ன நாடு, 100 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சல், அமெரிக்காவின் மேட் பியோண்டியை 0.01 நொடியில் முந்திய தங்கம். ஆனால் அவர் உலகத்தரத்தில் நீந்தியது 1987 முதல் 1992 வரைதான். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தது 1998இல். அதில் முதல் 20 ஆண்டுகள் இன்னொருவருக்குக் கீழே. நெஸ்டியைப் புரிந்துகொள்ள அந்த இருபது ஆண்டுகள்தான் முக்கியம் என்பது என் கட்சி.

முதலில் நீச்சல் வீரரை முடித்துவிடுவோம். 1967இல் டிரினிடாடில் பிறந்து, கைக்குழந்தையாகச் சுரினாமுக்குப் போனவர். நாடு முழுவதற்கும் அப்போது ஒரே ஒரு 50 மீட்டர் குளம். 1984 லாஸ் ஏஞ்சலஸில் 100 பட்டர்ஃபிளையில் 21ஆவது இடம். பிறகு ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் உள்ள போல்ஸ் பள்ளி. அங்கே பயிற்சியாளர் கிரெக் ட்ராய். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

சியோல் இறுதிப் போட்டியில் நெஸ்டி 53.00, பியோண்டி 53.01. சராசரி வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 0.01 நொடி என்பது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. கடைசி மீட்டர்கள் வரை முன்னால் இருந்தவர் பியோண்டி. சுவர் நெருங்கும்போது அவர் இரண்டு ஸ்ட்ரோக்குக்கு (கைவீச்சுக்கு) நடுவில் மாட்டிக்கொண்டார். இன்னொரு ஸ்ட்ரோக் போட இடம் போதாது, போடாமல் விட்டால் தூரம் மிச்சம். கையை நீட்டி மிதந்தார். நெஸ்டியின் ஸ்ட்ரோக் சரியாகச் சுவரில் முடிந்தது.

பட்டர்ஃபிளையில் இந்தச் சிக்கல் ஏன் பெரிது? ஃப்ரீஸ்டைலில் ஒரு கை சுவரைத் தொட்டால் போதும், எந்தக் கை முன்னால் இருக்கிறதோ அது தொடும். பட்டர்ஃபிளையில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும், இரண்டும் ஒன்றாகவே முன்னால் வரும். ஒரு ஸ்ட்ரோக்கின் நீளம் ஏறத்தாழ இரண்டு மீட்டர். கணக்கு அரை ஸ்ட்ரோக் தவறினால் ஒரு மீட்டர் மிதக்க வேண்டியதுதான், மிதக்கும்போது வேகம் சட்டென்று விழும். இதைக் கடைசி ஸ்ட்ரோக்கில் சரிசெய்ய முடியாது. பத்துப் பன்னிரண்டு மீட்டர் முன்பே உணர்ந்து, நான்கைந்து ஸ்ட்ரோக்கில் ஒவ்வொன்றையும் ஒரு சாண் நீட்டியோ குறுக்கியோ கொண்டுபோக வேண்டும். பயிற்சியில் இதற்குச் செய்வது எளிது: குளத்தின் நடுவில் தொடங்கிச் சுவர் வரை 15 மீட்டர், முழுப் போட்டி வேகம், 8 முறை, நடுவில் நிறைய ஓய்வு. கடைசி இரண்டு ஸ்ட்ரோக்கில் மூச்சு எடுக்கக் கூடாது. சுவரைத் தேடித் தலையைத் தூக்கினால் இடுப்பு அமுங்கும், அங்கேயே 0.1 நொடி போய்விடும். மிதக்க நேர்ந்தாலும் காலை நிறுத்தாமல் உதைத்துக்கொண்டே போக வேண்டும். களைப்பில்லாத உடம்போடு இதைச் செய்து பார்த்துவிட்டு முடிந்தது என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. போட்டியில் கடைசி 15 மீட்டரில் கை கனத்திருக்கும், ஸ்ட்ரோக் தானாகவே குறுகும். அதனால் கடினமான செட்டின் முடிவில்தான் இதை வைக்க வேண்டும்.

அந்தத் தங்கம் நீச்சலில் ஒலிம்பிக் சாம்பியனான முதல் கறுப்பின ஆண் என்ற இடத்தை நெஸ்டிக்குக் கொடுத்தது. 1991 பெர்த்தில் உலக சாம்பியன். 1992 பார்சிலோனாவில் 53.41 நீந்தி வெண்கலம். சுரினாம் இதுவரை வென்ற ஒலிம்பிக் பதக்கங்கள் இவருடைய இந்த இரண்டுதான். இடையில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்காக நீந்தி 1990, 91, 92 என்று மூன்று ஆண்டும் 100 கெஜம் பட்டர்ஃபிளையில் கல்லூரி தேசியப் பட்டம்.

1998இல் உதவிப் பயிற்சியாளராக அதே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். தலைமைப் பயிற்சியாளர், அதே கிரெக் ட்ராய். 2018இல் ட்ராய் விலகியபோது நெஸ்டிக்கு ஆண்கள் அணி கிடைத்தது, 2021இல் பெண்கள் அணியும் சேர்ந்தது. ஒலிம்பிக் தங்கம் வைத்திருக்கும் ஒருவர் இருபது ஆண்டுகள் இரண்டாம் இடத்தில் நின்றது அடக்கத்தால் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமெரிக்கக் கல்லூரி நீச்சலின் அமைப்பைப் பார்த்தால், அதைக் கற்க அவ்வளவு காலம் தேவைதான் என்று படுகிறது.

கல்லூரிப் போட்டிகள் 25 கெஜக் குளத்தில் நடக்கும், அதாவது 22.86 மீட்டர். 1650 கெஜ நீச்சலில் 65 டர்ன். ஒலிம்பிக்கின் 1500 மீட்டரில் 29தான். சுவரை உதைத்துத் தண்ணீருக்கடியில் போவதில் கெட்டிக்காரனான மாணவன் கல்லூரியில் ராஜா. அதே பையனை 50 மீட்டர் குளத்தில் விட்டால் 35 மீட்டரில் ஸ்ட்ரோக் கலைந்துவிடும். பிப்ரவரியில் பிராந்தியப் போட்டி, மார்ச்சில் தேசியப் போட்டி, இரண்டும் கெஜத்தில். ஜூனில் ஒலிம்பிக் தேர்வு மீட்டரில். பயிற்சியாளர் ஒரே உடம்பை ஓர் ஆண்டில் இரண்டு முறை உச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அதற்குத்தான் டேப்பர்: பயிற்சித் தூரத்தைப் படிப்படியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் விடாமல் வைத்திருப்பது. கட்டுமஸ்தான ஸ்பிரிண்டருக்கு (குறுந்தூரக்காரருக்கு) மூன்று வாரம்கூடத் தேவைப்படும். நீண்டதூரக்காரருக்குப் பத்து நாள் போதும், அதற்கு மேல் ஓய்வு கொடுத்தால் தண்ணீரில் பிடிப்பே போய்விட்டது என்பார்கள். தேசியப் போட்டிக்கு ஏற்கெனவே தகுதி நேரம் வைத்திருப்பவரைப் பிப்ரவரியில் களைப்போடே நீந்த விடலாம். இன்னும் தகுதி பெறாதவருக்குப் பிப்ரவரியிலேயே முழு டேப்பர் கொடுத்தாக வேண்டும், மார்ச்சில் அவரிடம் மிச்சம் இருக்குமா என்பது சூதாட்டம். இருபத்தைந்து முப்பது பேருக்கு இப்படித் தனித்தனிக் கணக்கு. எந்த உடம்பு எதற்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பது ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தால்தான் தெரியும்.

நேரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. மாணவருக்குப் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. எடைப்பயிற்சியும் இதற்குள்தான். அதற்கு 4 மணி போனால் தண்ணீருக்கு 16. மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால் 64 கிலோமீட்டர். நீண்டதூர நீச்சலுக்கு இது தாராளம் இல்லை, ஒரு கிலோமீட்டரும் வீணாகக் கூடாது.

இன்னொன்று, புள்ளிக்கணக்கு. தேசியப் போட்டியில் தனிநபர் முதலிடத்துக்கு 20 புள்ளி, ரிலேக்கு இரட்டிப்பாக 40. ரிலே மொத்தம் ஐந்து. நல்ல ஸ்பிரிண்டர் தன் தனிப்போட்டிகள் போக அதில் நான்கு ரிலே வரை இறங்கலாம். 1650 நீந்துபவருக்கு ரிலேயில் பெரும்பாலும் இடமே இல்லை. புள்ளி மட்டுமே பார்க்கும் பயிற்சியாளர் உதவித்தொகையை ஸ்பிரிண்டருக்குத்தான் கொடுப்பார். பல கல்லூரிகளில் நீண்டதூரக் குழு மெலிந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

தானே 100 மீட்டர்காரரான நெஸ்டியிடம் அந்தக் குழு செழித்தது. அவரிடம் பயின்ற பாபி ஃபிங்க் டோக்கியோ ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும் 1500 மீட்டரிலும் தங்கம் வென்றார். கடைசி 50 மீட்டரை முறையே 26.39, 25.78 நொடியில் நீந்தி, முன்னால் போனவர்களைத் தாண்டினார். 1450 மீட்டர் நீந்திய பிறகு 25.78! 2024 பாரிஸில் உத்தி மாறியது. 1500 மீட்டரில் ஃபிங்க் தொடக்கத்திலேயே முன்னால் போய், 14:30.67இல் முடித்து, 2012 முதல் நின்ற சீனாவின் சுன் யாங்கின் 14:31.02 என்ற உலக சாதனையை உடைத்தார். ஒவ்வொரு 50 மீட்டருக்கும் சராசரி 29.02. அமெரிக்க நீண்டதூர வீராங்கனை கேட்டி லெடெக்கி 2021இல் இந்தக் குழுவைத் தேடித்தான் பல்கலைக்கழகம் இருக்கும் கெய்ன்ஸ்வில்லுக்குக் குடிபெயர்ந்தார். படிப்பு முடித்த தொழில்முறை வீரர் என்பதால் 20 மணி நேரக் கட்டுப்பாடு அவருக்கு இல்லை. பயிற்சியில் பக்கத்து லேனில் துரத்த ஃபிங்க் மாதிரி ஆட்கள் இருந்தது லாபம். 2025 மே மாதம் 800 மீட்டரில் 8:04.12 என்று தன் உலக சாதனையையே திருத்தினார், 28 வயதில்.

பாரிஸில் அமெரிக்க ஆண்கள் அணிக்கு நெஸ்டிதான் தலைமைப் பயிற்சியாளர். அமெரிக்க ஒலிம்பிக் நீச்சல் அணி ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினத்தவர். பாராட்டுக் கட்டுரைகள் இதோடு முடியும், முடிவுகளையும் சொல்ல வேண்டும். ஆண்கள் தனிநபர் தங்கம் ஒன்றே ஒன்று, அதுவும் ஃபிங்கின் 1500. அமெரிக்கா தான் கலந்துகொண்ட ஒலிம்பிக் எதிலும் தோற்றிராத ஆண்கள் மெட்லி ரிலேயை (நான்கு பேர், ஆளுக்கு ஒரு நீச்சல் பாணி) சீனா வென்றது. இதை நெஸ்டியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் இல்லை. தேசிய அணிப் பயிற்சியாளர் வீரர்களை வளர்ப்பவர் அல்லர். வெவ்வேறு கல்லூரிகளில் வளர்ந்தவர்களைச் சில வாரங்களுக்கு வாங்கி, வரிசையும் ரிலே ஆளும் முடிவு செய்பவர். டேப்பர் அவரவர் கோச் போட்டதுதான். ஆனால் தங்கம் வந்தால் மட்டும் தலைமைப் பயிற்சியாளருக்குப் பெயர் கொடுப்பதும் அப்போது சரியில்லை.

இப்போது விதிகள் மறுபடி மாறியிருக்கின்றன. முன்பு ஆண்கள் அணிக்கு 9.9 முழு உதவித்தொகை என்று உச்சவரம்பு. அதைத் துண்டுதுண்டாக இருபது பேருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். 2025 ஜூலை முதல், புதிய ஏற்பாட்டை ஏற்ற பல்கலைக்கழகங்களுக்கு அந்த வரம்பு இல்லை. பதிலாக அணியில் இருக்கும் தலைகளுக்கு வரம்பு, 30 பேர். இதில் முதலில் அடிபடுவது உதவித்தொகை இல்லாமல் தானாக வந்து சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் முன்னேறுகிற பையன்தான். ரிலேயில் இடமில்லாத 1650காரரும் அவனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்.