ஜிம்மியின் 4 மணி, 8 மணி

போன மாதம் எங்கள் நாய் ஜிம்மி சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தபடியே நகர ஆரம்பித்தான். முன்கால் இரண்டும் நடக்கும், பின்கால் இரண்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், பின்பக்கம் தரையோடு தேயும். "பாட்டி, ஜிம்மி காடி ஓட்டுறான்!" என்று பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். பூச்சியாக இருக்கும் என்று மருந்து கொடுத்தேன். நிற்கவில்லை. மகனைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போனோம்.

மிருக டாக்டர் சின்னப் பெண். கையுறை மாட்டி, வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, இந்த ஆசனவாயை ஒரு கடிகாரம்னு நினைச்சுக்குங்க. 4 மணி இருக்கிற இடத்துல ஒரு பை, 8 மணி இருக்கிற இடத்துல ஒரு பை. ரெண்டும் அடைச்சுக்கிச்சு" என்றார். அப்புறம் அழுத்தினார்.

என்ன சொல்ல. அழுகின மீனோடு பழைய துருப்பிடித்த ஆணியைப் போட்டு வேகவைத்த மாதிரி ஒரு நாத்தம். மகன் வெளியே ஓடிவிட்டான். ஒரு சொட்டு என் சட்டைக் கையில் தெறித்தது. திரும்பி வந்த 30 கிலோமீட்டரும் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் வந்தோம். மழை வேறு.

அந்தச் சொட்டுதான் ஜிம்மியின் ஐசி, அதாவது அடையாள அட்டை என்று டாக்டர் சொன்னார். நாய் வெளிக்குப் போகும்போதெல்லாம் அதில் கொஞ்சம் கசியுமாம். நாய்க்கு நாய் வாடை மாறும். ஒன்றையொன்று பார்த்ததும் பின்பக்கம் போய் மோப்பம் பிடிப்பது அதைப் படிக்கத்தான். வாலைத் தூக்கி வைத்திருந்தால் 'பார்த்துக்கோ' என்று காட்டுவது, வாலை இடுக்கிக்கொண்டால் ஐசியைப் பாக்கெட்டுக்குள் ஒளிப்பது. இத்தனை வருஷமாக "சீ, மானத்த வாங்காதே" என்று கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் அடுத்த வீட்டு நாய் வெள்ளச்சி கேட்டருகே காத்திருந்தாள். வழக்கமாக இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு ஒரு நொடி, காது ஒரு நொடி, அப்புறம் வட்டம் போட்டுப் பின்பக்கம் மூன்று நாலு நொடி. முடிந்தது, ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். அன்றைக்கு வெள்ளச்சி விடவே இல்லை. முகர்ந்தாள், தள்ளிப் போனாள், திரும்பி வந்து மறுபடி முகர்ந்தாள். முகத்தைப் பார்த்தால் ஜிம்மி, பின்னால் போனால் வேறு யாரோ. ஜிம்மி பாவம், வகுப்பில் எழுப்பி நிறுத்தின பையன் மாதிரி அசையாமல் நின்றான்.

ராத்திரி கைப்பேசியில் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஜார்ஜ் பிரெட்டி என்ற வேதியியலாளரும் மற்றவர்களும் நாயின் அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று 1976-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மீன் வாடை அடிக்கும் டிரைமெத்திலமீன், அதோடு சின்னச் சின்ன கொழுப்பு அமிலங்கள். அமிலங்களின் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பியூட்டிரிக், வலேரிக் என்று ஒரு வரிசை. ரப்பர் என்கிற கித்தாவின் ஒட்டுப்பால் மூட்டையிலும் கித்தா ஃபேக்டரியிலும் நாறுவதும் இதே குடும்பம்தான்!

அம்மா கித்தா மரத்தில் பால் வெட்டினவர். சனிக்கிழமைகளில் நானும் கூடப் போய் மங்கு என்கிற பால் கிண்ணத்திலிருந்து கட்டிப்பாலைப் பிடுங்கிச் சாக்கில் போடுவேன். அந்த வாடை முடிக்குள், நகத்துக்குள் ஏறும். 1981-இல் டவுன் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது என் பக்கத்தில் இருந்த பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தது. டீச்சரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அம்மா தன் வெட்டுச் சட்டையைத் தனி வாளியில் ஊறவைத்து, லயத்து வீட்டுக்குப் பின்னால் தனிக் கொடியில் காயப்போடுவார். எனக்கு இரண்டு தடவை சவுக்காரம். எஸ்டேட் நாய் மட்டும் அம்மாவின் சைக்கிள் வருவதற்கு முன்பே எழுந்து நிற்கும், வந்ததும் அந்தச் சாக்கில் மூக்கைப் புதைக்கும். இப்போது அங்கே கித்தாவே இல்லை, எல்லாம் செம்பனை (எண்ணெய்ப் பனை).

விட்ட இடத்துக்கு வருகிறேன். நாயின் மூக்கை உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கும். விடும் மூச்சு அந்தக் கீறல் வழியாகப் பக்கவாட்டில் போகிறது, முகர்கிற இடத்தில் வாடை கலையாது. ஜிம்மி மண்ணை முகரும்போது தூசி பின்னோக்கிப் பறப்பதை நானே குனிந்து பார்த்தேன். மேல்வாய் முன்பல்லுக்குப் பின்னாலும் ஒரு சின்ன வழி இருக்கிறது. 1813-இல் ஜேக்கப்சன் என்ற டென்மார்க்காரர் விவரித்த உறுப்புக்குப் போகிறது அது. வெள்ளச்சி நனைத்த புல்லை நக்கிவிட்டு ஜிம்மி குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி பல்லைத் தட்டுவது அதற்காகத்தான்.

கொலராடோவில் மார்க் பெக்காஃப் என்பவர் தன் நாயும் மற்ற நாய்களும் மூத்திரம் பெய்த பனியை அள்ளி வேறு இடத்தில் வைத்து, தன் நாய் என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறார். தன்னுடையதை அது அவ்வளவாக முகரவில்லை, மற்ற நாய்களுடையதைத்தான் நின்று முகர்ந்தது. 2001-இல் எழுதினார். சுங்கை சிப்புட்டில் பனிக்கு எங்கே போவது, எங்களுக்கு விளக்குக் கம்பம்தான். காலை ஏழு மணிக்கு, விடிந்தும் விடியாத நேரத்தில், எங்கள் தாமான் (குடியிருப்பு) முனையில் ஒவ்வொருத்தராக வந்து படித்துவிட்டுப் பதில் எழுதிவிட்டுப் போவார்கள். கோப்பிக் கடை தௌக்கேயின் (முதலாளியின்) குட்டை நாய் காலைத் தூக்குகிற தூக்கில் கவிழ்ந்தே விடும். சின்ன நாய்கள் ஆளைப் பெரிதாகக் காட்ட அப்படித் தூக்கலாம் என்று 2018-இல் ஓர் ஆய்வு வந்ததாம். அந்தத் தௌக்கேயும் அப்படித்தான், அது வேறு கதை.

என் சட்டையை மூன்று தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டேன். எனக்கு வாடையே வரவில்லை. மத்தியானம் எட்டிப் பார்த்தால், வேலிச் சந்து வழியாகப் புகுந்து வந்த வெள்ளச்சி சட்டைக் கைக்கு நேர் கீழே நின்று மூக்கை நிமிர்த்தி வைத்திருந்தாள். "அக்கா, சட்டை காஞ்சிருச்சே, எடுக்கலையா?" என்று அடுத்த வீட்டுப் பெண் கேட்டாள்.

"கெடக்கட்டும்லா, அவ படிச்சு முடிக்கட்டும்" என்றேன்.