அசிட்டோநைட்ரைல் இல்லாமலே மஞ்சளை அளக்கலாம்

பசுமைக் கரைப்பான், அதாவது உடம்புக்கும் சூழலுக்கும் கேடு குறைந்த கரைப்பான் என்று பேச்சு வந்தாலே பலரும் பிரித்தெடுப்பதோடு நின்றுவிடுகிறார்கள். மஞ்சள் தூளிலிருந்து அதன் நிறப்பொருளான குர்குமினை எடுக்க மெத்தனாலுக்குப் பதில் எத்தனால் ஊற்றினோம், ஆய்வு பசுமையாகிவிட்டது என்று கட்டுரை எழுதியாகிவிடும். ஆனால் அதே சாற்றை எச்பிஎல்சி கருவியில் (சாற்றைக் கரைப்பானோடு ஒரு குழாய் வழியே செலுத்தி, அதிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) அளக்கும்போது நிமிடத்துக்கு 1 மில்லி வீதம் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானும் நீரும் கலந்த கலவை ஓடிக்கொண்டே இருக்கும். எட்டு மணி நேரம் ஓட்டினால் மேசைக்கடியில் இருக்கும் கழிவு கேனில் கிட்டத்தட்ட அரை லிட்டர் சேர்ந்துவிடும். அசிட்டோநைட்ரைல் உடம்புக்குள் போனால் சயனைடாக மாறக்கூடியது. மருந்துகளில் அது 410 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 410 பங்கு) மேல் எஞ்சக் கூடாது, எத்தனாலுக்கோ 5000 வரை அனுமதி.

எச்பிஎல்சி-யிலும் எத்தனாலையே ஓட்டலாமே என்றால், கருவி ஒளி உறிஞ்சப்படுவதை வைத்துத்தான் அளக்கிறது, 210 நானோமீட்டர் அலைநீளத்துக்குக் கீழே எத்தனாலே ஒளியை உறிஞ்சிக்கொள்ளும் என்பார்கள். சரிதான், ஆனால் குர்குமினை அளப்பது 425 நானோமீட்டரில், அங்கே எத்தனால் குறுக்கே வராது! நிஜமான தொல்லை பிசுபிசுப்புதான். எத்தனாலும் நீரும் சேர்ந்தால் பம்பில் அழுத்தம் ஏறும், பிரிப்புக் குழாயைக் கொஞ்சம் சூடாக்கி ஓட்டத்தையும் குறைத்தால் சமாளிக்கலாம்.

பிரித்தெடுக்கும் கரைப்பான்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஆழ்யூடெக்டிக் கரைப்பான்கள், அதாவது சேர்ந்திருக்கும் பொருள்கள் தனித்தனியே உருகுவதைவிட மிகக் குறைந்த வெப்பத்தில் உருகும் கலவைகள். 302 டிகிரியில் உருகும் கோலின் குளோரைடையும் 133 டிகிரியில் உருகும் யூரியாவையும் 1:2 மோல் விகிதத்தில் கலந்தால் உருகுநிலை 12 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது, அதாவது இரண்டு வெள்ளைப் பொடிகள் சேர்ந்து அறை வெப்பத்திலேயே திரவமாக நிற்கின்றன. இங்கிலாந்தின் லெஸ்டரில் அபோட் குழுவினர் 2003-இல் இதை வெளியிட்டார்கள். கோலின் குளோரைடு கோழித் தீவனத்தில் சேர்க்கிற அதே பொருள்தான். குர்குமின் காரத்தில் சிதைந்துவிடும் என்பதால், மஞ்சளுக்கு யூரியாவை விட்டுவிட்டு லாக்டிக் அமிலத்தோடு சேர்ப்பது நல்லது. கலவை தேன் மாதிரி கெட்டியாக இருக்கும், கொஞ்சம் தண்ணீர் விட்டால் இளகும், அளவு மீறினால் ஹைட்ரஜன் பிணைப்புகள் உடைந்து வெறும் கரைசலாகிவிடும்.

இது ஆவியாகாது என்பதால் நெடி இல்லை, அதனாலேயே வழக்கம்போல் ஆவியாக்கிப் பிரிக்கவும் முடியாது. நிறையத் தண்ணீர் ஊற்றினால் குர்குமின் படிந்துவிடும். அப்புறம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கிக் கரைப்பானை மீட்கச் செலவாகும் மின்சாரத்தையும் கணக்கில் சேர்த்தால்தான் அது நேர்மையான கணக்கு.

மஞ்சளில் உள்ள மூன்று குர்குமினாய்டுகளும் (குர்குமினும் அதை ஒத்த இரண்டு பொருள்களும்) தனித்தனியாக வேண்டாம், மொத்த அளவு போதும் என்றால் எச்பிஎல்சி-யே தேவையில்லை. எத்தனாலில் எடுத்த சாற்றை ஒளி உறிஞ்சலை மட்டும் அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 425 நானோமீட்டரில் வைத்துப் பாருங்கள், ஒரு மாதிரிக்குச் சில மில்லி எத்தனாலோடு வேலை முடிந்துவிடும்.