கீமோ வார்டு நாட்குறிப்பு: வாந்தியும் குமட்டலும்

2025 மார்ச் 3, திங்கள்

காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் நான் பார்ப்பது கீமோ மருந்தை அல்ல, கடிகாரத்தை. வாந்தியைத் தடுக்கும் அப்ரிபிடன்ட் 125 மில்லிகிராம், கீமோ ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். அரை மணி நேரம் முன்னால் பலோனோசெட்ரான் ஊசியும் டெக்ஸாமெத்தசோனும். ராத்திரிக்கு ஓலான்சபின். கடுமையாக வாந்தி வரவைக்கும் மருந்துகளுக்கு இந்த நாலும் சேர்ந்த கூட்டணிதான் இப்போது வழக்கம்.

இன்று புதிதாக ஒருவர். முப்பத்தி நாலு வயது, மார்பகப் புற்றுநோய், முதல் சுற்று. கீமோவாக டாக்சோரூபிசினும் சைக்ளோபாஸ்ஃபமைடும். தடுப்பு மருந்து இல்லாமல் இந்த ஜோடியை ஏற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாந்தி எடுப்பார்கள். அவரோ, "ஏற்கெனவே இத்தனை மாத்திரை சிஸ்டர், வாந்தி வந்தா அப்புறம் போட்டுக்கிறேனே" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. தலைவலிக்கு நாம் அப்படித்தானே செய்கிறோம். இதில் மட்டும் அது எடுபடாது. கீமோ பட்டதும் சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் சில செல்கள் செரோட்டோனினைக் கொட்டுகின்றன. அது வேகஸ் நரம்பைத் தூண்ட, நரம்பு மூளையின் வாந்தி மையத்துக்குச் சேதி அனுப்புகிறது. சேதி கிளம்புவதற்கு முன்பே வழியை அடைக்கிற வேலை பலோனோசெட்ரானுடையது. ஒரு முறை வாந்தி தொடங்கிவிட்டால் அதை நிறுத்துவது பல மடங்கு கஷ்டம். விழுங்கின மாத்திரையும் வயிற்றில் தங்காது. இதைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

கர்ப்பமாக இருந்தபோது ரொம்ப வாந்தி எடுத்தீர்களா, வண்டியில் போனால் குமட்டுமா என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். இரண்டுக்கும் ஆமாம். பெண், இளம் வயது, மதுப் பழக்கம் இல்லை. ஆபத்துக் காரணிகள் ஒன்றுவிடாமல் இருக்கின்றன. மருத்துவரிடம் தனியாகச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

போனில் குரல் தெம்பாக இருந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லையாம். அது டெக்ஸாமெத்தசோன் செய்கிற வேலை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது சர்க்கரையையும் ஏற்றிவிடும். இவருக்கு அந்தக் கவலை இல்லை. "ஒண்ணுமே இல்ல சிஸ்டர், நீங்க பயமுறுத்திட்டீங்க" என்று சிரித்தார். இன்றும் நாளையும் அப்ரிபிடன்ட் 80 மில்லிகிராம் உண்டு, மறக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

முதல் நாளை வார்டில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். 24 மணி நேரம் தாண்டி வருகிற குமட்டல் வீட்டில்தான் நடக்கிறது. செரோட்டோனினைவிட சப்ஸ்டன்ஸ் பி என்ற இன்னொரு பொருளுக்கே அதில் பங்கு அதிகம். ஐந்து நாள் வரை இழுக்கும்.

இன்று அவருடைய அண்ணி பேசினார். "வாந்தியெல்லாம் இல்லைங்க, ஆனா ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டேங்கிறா, பிடிவாதம்." போனை அவரிடமே கொடுக்கச் சொன்னேன். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் குமட்டல் எவ்வளவு என்றேன். "ஏழு இருக்கும். வாந்திதான் வரலையே, இதை எதுக்குச் சொல்லணும்னு இருந்தேன்."

எங்கள் படிவத்தில் 'வாந்தி: உண்டு / இல்லை' என்றுதான் இருக்கிறது. அதன்படி இவருக்கு எல்லாம் நலம்! அந்தப் படிவத்தின் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கடுப்பு. தடுப்பு மருந்துகள் வந்த பிறகு வாந்தி வெகுவாகக் குறைந்துவிட்டது, குமட்டல் அந்த அளவுக்குக் குறையவில்லை. வாந்தியை எண்ணலாம், பக்கத்தில் இருப்பவர் பார்க்கலாம். குமட்டலோ அனுபவிக்கிறவர் சொன்னால்தான் தெரியும்.

விசாரித்ததில், ஓலான்சபினை முதல் ராத்திரியோடு நிறுத்தியிருந்தார். மறுநாள் பகலெல்லாம் தலை கிறங்கியதாம். குமட்டலைப் பிடிப்பதில் அதுதான் கெட்டிக்கார மருந்து, அதைத்தான் விட்டிருக்கிறார். மருத்துவரிடம் கேட்டு 5 மில்லிகிராமை 2.5 ஆக்கினோம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 10 மில்லிகிராமுடன் ஒப்பிட்டு நடத்திய ஆய்வு, 2024இல் 'லான்செட் ஆன்காலஜி'யில் வந்தது. வாந்தியைத் தடுப்பதில் 2.5 சளைத்ததல்ல, தூக்கக் கிறக்கம் குறைவு என்று அதில் தெரிந்தது. நம் ஆட்களுக்கு இது பெரிய உதவி.

அண்ணியிடமும் தனியாகப் பேசினேன். இது பிடிவாதம் இல்லைங்க என்றேன். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை, சிறுநீர் கறுத்துக் குறைந்தது, எழுந்தால் தலை சுற்றுகிறது, வாந்தியில் ரத்தம், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல்: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள் என்றேன். எழுதி வைத்துக்கொண்டார்.

மார்ச் 11, செவ்வாய்

வாராவாரம் பக்லிடாக்ஸல் போட்டுக்கொள்ளும் பெரியவர் ஒருவர், மூன்று நாளாக வாந்தி என்று வந்தார். பக்லிடாக்ஸல் அவ்வளவாக வாந்தி வரவைக்கும் மருந்தல்ல. கூட வந்த மகன் "இன்னும் பலமான வாந்தி மாத்திரை கொடுங்க" என்று நின்றார்.

"ஐயா, வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டேன். பெரியவர் மகனைப் பார்த்தார், மகன் சுவரைப் பார்த்தார். ஒரு வாரம் ஆகிறது. வலிக்கு மார்ஃபின், குமட்டலுக்கு அவர்களாகவே வாங்கிய ஒன்டான்செட்ரான். இரண்டுமே மலச்சிக்கல் தருபவை. வாந்திக்கு என்று இன்னும் ஒன்டான்செட்ரான் போட்டதில் சிக்கல்தான் இறுகியிருக்கிறது.

மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, படம் எடுத்து, குடல் அடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டார். அடைப்பு இருக்கும்போது குடலை வேகமாகத் தள்ளும் மெட்டோகுளோபிரமைட் மாதிரி மருந்தைக் கொடுத்தால் ஆபத்து. அப்புறம் மலமிளக்கி. ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்தார்கள், இல்லை. புற்றுநோய்க்காரருக்கு வாந்தி என்றாலே கீமோவின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். கால்சியம், மூளைக்குப் பரவிய நோய், வயிற்றுப் பகுதிக் கதிர்வீச்சுச் சிகிச்சை, வலி மாத்திரை என்று சந்தேகப்பட வேண்டியவர்கள் நிறைய.

மார்ச் 14, வெள்ளி

சாப்பாட்டுப் பஞ்சாயத்து. கீமோ நாளன்று மகனுக்கு மிகவும் பிடித்த பண்டத்தைச் செய்து எடுத்து வந்திருந்தார் ஒரு அம்மா. வேண்டாம்மா என்றேன், முகம் வாடிவிட்டது. குமட்டுகிற நேரத்தில் பிடித்ததைச் சாப்பிட்டால் உடம்பு அந்த ருசியையும் குமட்டலையும் முடிச்சுப் போட்டுவிடும். சிகிச்சை முடிந்த பிறகும் அதைக் கண்டாலே ஓடுவார்கள். பிடித்ததைப் பத்திரமாக வைத்திருங்கள், இன்றைக்கு ருசியே இல்லாத ஏதாவது போதும் என்றதும் சமாதானமானார்.

ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு, அதனால் சூடானதைவிட இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை. சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. நாக்கில் இரும்பு ருசி அடித்தால் பிளாஸ்டிக் கரண்டி. இஞ்சி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள்: சிலருக்குக் கேட்கிறது, ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. மாத்திரைக்குப் பதிலாக என்று மட்டும் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும்.

மார்ச் 24, திங்கள்

மூன்றாம் தேதி முதல் சுற்று போட்டுக்கொண்ட மார்பகப் புற்றுநோய்க்காரர் இரண்டாவது சுற்றுக்கு வந்தார். ஊசிக் குழாயில் டாக்சோரூபிசின் ரத்தச் சிவப்பாக இருக்கும். தட்டில் அதைப் பார்த்ததுமே, மருந்து ஒரு சொட்டுகூட ஏறாதபோதே, வாயைப் பொத்திக்கொண்டார். நடிப்பில்லை. முதல் சுற்று அவஸ்தையை மூளை இந்த நிறத்தோடும் இந்த அறையின் வாசனையோடும் சேர்த்து மனப்பாடம் செய்துவிட்டது. இது வந்த பிறகு வழக்கமான வாந்தி மருந்துகள் பெரிதாகக் கேட்பதில்லை. முதல் சுற்றிலேயே குமட்டலை அடக்குவதுதான் உண்மையான தடுப்பு.

இன்று முடிந்ததைச் செய்தோம். ஜன்னல் ஓரத்து நாற்காலிக்கு மாற்றினேன். ஊசிக் குழாயை அவர் கண்ணுக்குப் படாமல் என் கையால் மறைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே மெல்ல மெல்ல ஏற்றினேன். குழாயைச் சலைன் விட்டுக் கழுவும்போது தொண்டையில் ஒரு ருசி வரும், அதற்கு முன்பே வாயில் ஒரு புளிப்பு மிட்டாய். அடுத்த சுற்றுக்கு முந்தின ராத்திரியும் அன்று காலையும் பதற்றத்தைத் தணிக்கும் லோரசெபாம் எழுதியிருக்கிறார் மருத்துவர். தசைகளைத் தளர்த்தும் பயிற்சிக்கு மனநல ஆலோசகரிடமும் அனுப்பியாகிவிட்டது.

மார்ச் 27, வியாழன்

அவரே கூப்பிட்டார். "குமட்டல் மூணுதான், சிஸ்டர்." ஓலான்சபினை ராத்திரி எட்டு மணிக்கே போட்டுவிடுகிறாராம், காலையில் கிறக்கம் இல்லை.

மதியம் தலைமைச் செவிலியரிடம் படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். வாந்திக்குக் கீழே 'குமட்டல், 0 முதல் 10' என்று ஒரு வரி, நாலாம் நாள் போன் பண்ணிக் கேட்பதற்கு இன்னொரு கட்டம். யார் போன் பண்ணுவது, ஆள் எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்வி. இப்போதைக்கு முதல் சுற்றுக்காரர்களுக்கு மட்டும், மதியப் பணியில் இருப்பவர் என்று முடிவானது. திங்கள்கிழமை புதுப் படிவம் அச்சாகி வருகிறது.