மூன்று மா

ஜூன் 12, 2024

இன்றுதான் வழக்கமாக மேட்டூர் அணையைத் திறக்கும் நாள். திறக்கவில்லை. திறக்கமாட்டார்கள் என்று எல்லோருக்கும் முன்னாலேயே தெரியும். 120 அடி நிற்க வேண்டிய மேட்டூரில் 40 சொச்சம் அடிதான் கிடக்கிறது. இருந்தாலும் காலையிலிருந்து கைபேசியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொறந்துட்டானுவளா?"

"இல்லம்மா."

"சரி, நாளைக்கு?"

ஜூன் 15

எலி. விதை மூட்டையின் ஓரத்தைக் கடித்துவிட்டது. ஒரு கைப்பிடி போயிருக்கும். மூட்டையைத் தூக்கி விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டேன். இப்போது வீட்டுக்குள் யார் வந்தாலும் குனிந்துதான் போகவேண்டும், அம்மாவைத் தவிர. அவள் உயரம் அவ்வளவுதான்.

ஜூன் 27

அண்ணன் போன் பண்ணினான். பக்கத்தில் ஒருத்தர் இறால் குட்டைக்குக் குத்தகை கேட்கிறாராம், வருஷக் காசு முன்பணமாகவே கையில் வந்துவிடுமாம். "மூணு மா நெலத்த வச்சிக்கிட்டு என்னத்த பண்ணப்போற, போன வருசம் பட்டது போதாதா" என்றான். போன வருஷத்தைச் சொன்னால் என்னால் வாய் திறக்க முடியாது. ஜூன் 12க்குச் சரியாகத் திறந்தார்கள், ஜனவரி வரை விட வேண்டியதை அக்டோபர் 10லேயே மூடிவிட்டார்கள்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன் என்பது அவனுக்குத் தெரியாது. அம்மா திண்ணையிலிருந்து கத்தினாள்: "உப்புத்தண்ணிய உள்ள வுட்டுட்டு அப்பறம் யாரு வந்து கழுவிக் குடுப்பா?" அவன் வைத்துவிட்டான்.

இறால் விஷயத்தை அம்மாவிடம் யாரும் பேசக்கூடாது. தொண்ணூறுகளில் காந்தியவாதிகளான ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாளும் இறால் பண்ணைகளுக்கு எதிராக நின்றபோது இந்தத் தெருவே போய் உட்கார்ந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னபோது எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். தெருவில் சர்க்கரை கொடுத்தார்கள், அதுதான் ஞாபகம்.

ஜூலை 3

ஒன்றும் இல்லை. வெயில்.

ஜூலை 9

தூக்கம் வரவில்லை. மின்சாரமும் இல்லை. அம்மா விசிறிக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டாள். பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பாள் என்று எனக்குத் தெரியும், அதனால் முதலிலேயே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்தேன்.

அவளுக்கு அப்போது பத்து வயது. 1968, டிசம்பர் 25 ராத்திரி. கிழக்கே வெளிச்சம் தெரிந்ததாம், எவன் வீட்டு வைக்கோல் போரோ என்று நினைத்தார்களாம். காலையில்தான் வெண்மணி என்று தெரிந்திருக்கிறது. கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்கள், ஒரே குடிசைக்குள் எரிந்துபோனது 44 பேர். பெண்கள், பிள்ளைகள்தான் அதிகம். "அரைப்படி நெல்லு கூடக் கேட்டதுக்கு" என்று சொல்லிவிட்டு எப்போதும் போல நிறுத்திவிட்டாள். பிறகு சம்பந்தமே இல்லாமல், பண்ணையார் வீட்டில் கூலி அளக்கும் மரக்கால் வேறு, குத்தகை நெல் வாங்கும் மரக்கால் வேறு என்றாள். அது சம்பந்தமில்லாத பேச்சு இல்லை என்று எனக்கு இந்த வயதில்தான் உறைக்கிறது.

இந்தத் தெருவில் யாருக்கும் ஒரு குழி நிலம்கூட இல்லாமல் இருந்த காலம் ஒன்றும் ரொம்ப தூரத்தில் இல்லை. உழுகிறவர்களுக்கு நிலம் வாங்கித்தர ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாளும் தொடங்கிய லாப்டி அமைப்பு 1981ல் வந்தது. நிலத்தைப் பேசி வாங்கி, கடன் போட்டு, ஆளுக்கு ஒரு ஏக்கர் என்று பிரித்து, பெண்கள் பேரில் எழுதினார்கள். அப்படி வந்ததுதான் எங்கள் மூன்று மா. அப்பா கடைசிவரை அதை "ஒங்கம்மா நெலம்" என்றுதான் சொல்வார், பாதி கிண்டல், பாதி பெருமை. கடனை அறுவடைக்கு அறுவடை கட்டிய கதையை நாளைக்குச் சொல்கிறேன் என்று அம்மா தூங்கிவிட்டாள். நான் இன்னும் முழித்துக்கொண்டிருக்கிறேன்.

கயிறு ஆடுகிற சத்தம். எலியாகத்தான் இருக்கும்.

ஜூலை 18

கர்நாடகத்தில் கபினி அணை நிரம்பிவிட்டது, இனி மேட்டூருக்கு வரும் என்கிறார்கள். நம்பலாமா என்று தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 28

திறந்துவிட்டார்கள்! ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் திறந்துவிட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். "நம்ம வாய்க்காலுக்கு எப்ப?" என்று கேட்டாள். அவ்வளவுதான். வெடி போடுவாள் என்று எதிர்பார்த்தேனா?

ஜூலை 30

அணை நிரம்பிவிட்டது, 120 அடி. பத்துப் பதினைந்து நாளில் எப்படி ஏறிவிட்டது பார் என்று எல்லோரும் படம் அனுப்புகிறார்கள்.

காலையிலிருந்து டிவியில் வயநாடு நிலச்சரிவு. முண்டக்கை, சூரல்மலை. மண்ணுக்குள் எத்தனை பேர் என்றே தெரியவில்லை. கபினி அந்த மலையிலிருந்துதான் கிளம்புகிறது. இங்கே இரண்டு மாதமாக மேலே மழை பெய்யட்டும், கொட்டட்டும் என்று நான் எத்தனை தடவை வாய்விட்டுச் சொல்லியிருப்பேன். டிவியை அணைத்துவிட்டேன். அம்மா மறுபடி போடச் சொன்னாள். முழுதும் பார்த்தாள். ராத்திரி சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. வாய்க்காலில் வெடிப்புக்குள் கால் போகிறது. அடிபம்பில் நாலு குடம் அடித்து ஊற்றி, அதன் ஓரத்திலேயே மஞ்சள் பிள்ளையார் வைத்து, காதோலை கருகமணி போட்டுக் கும்பிட்டோம். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காவேரியாயிக்குப் பதிலா பம்பு ஆயிக்குப் படையலா?" என்றது. நானும் சிரித்தேன்.

திருச்சியில் கொள்ளிடத்துக்குள் நின்ற மின்கோபுரமே சாய்ந்துவிட்டதாம், அவ்வளவு வேகம். அத்தனையும் கடலுக்கு. கடல் எங்களுக்குப் பக்கம்தான், அந்தத் தண்ணீர்தான் எங்கள் வழியாகப் போகவில்லை.

ஆகஸ்ட் 6

கணக்கு. காலண்டருக்குப் பின்னால் எழுதிப் பார்த்ததை இங்கேயும் எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் ராத்திரி பூராவும் மண்டையில் ஓடும்.

விட்டத்தில் தொங்குவது சி.ஆர் 1009 நெல், 155 நாள் பயிர். 20ஆம் தேதி விதைத்தால் ஜனவரி 22ல் அறுப்பு. ஜனவரி 28ல் மேட்டூரை மூடிவிடுவார்கள், ஆனால் அதற்குள் கதிர் முற்றிவிடும், அது பிரச்சினை இல்லை. பிரச்சினை ஐப்பசி. அடைமழை பிடிக்கும்போது பயிருக்கு 60 நாளாவது ஆகியிருந்தால் தாக்குப் பிடிக்கும். என்னுடையது அதிலேயே வெள்ளம் தாங்கும் சப் 1 ரகம், இரண்டு வாரம் வரை முழுகிக் கிடந்தாலும் தழைக்கும் என்கிறார்கள், ஆனால் அது தூர் கட்டிய பயிருக்கு. இப்போதுதான் தலை நீட்டும் பிள்ளைப் பயிர் என்றால் அழுகும்.

செப்டம்பர் வரை இழுத்தால் ஆடுதுறை 46 வாங்கலாம், 135 நாள். அதற்கு மறுபடி விதைக்காசு. அதுவும் இளசாகத்தான் மழையில் மாட்டும். போர் போடலாம் என்று சொல்கிறவர்களை ஒருமுறை எங்கள் அடிபம்புத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பக்கத்து வயல்காரர் புழுதியிலேயே விதைத்துவிட்டார், மழையை நம்பி. தைரியம்தான்.

ஆகஸ்ட் 9

இன்னும் இல்லை.

ஆகஸ்ட் 11

வெட்டாறு வரை வந்துவிட்டது என்று சொன்னார்கள், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஆற்றில் ஓடுகிறது, செம்மண் கலரில். எங்கள் வாய்க்கால் தலைப்பில் பலகை போட்டிருக்கிறது. பலகைக்கு இந்தப் பக்கம் ஆகாயத்தாமரையும் நாணலும் மண்டி, அதற்குள் இரண்டு செருப்பு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தூர்வாரியதாகப் போர்டு மட்டும் நிற்கிறது.

மேலே முறை முடிந்தால்தான் எங்களுக்கு முறையாம். சாயங்காலம் தெருப் பெண்கள் பதினோரு பேர் அரிவாளோடு இறங்கினோம். அம்மாவும் வந்து கரையில் உட்கார்ந்துகொண்டு யார் எங்கே வெட்டவேண்டும் என்று ஏவிக்கொண்டிருந்தாள். நாற்காலியை எடுத்துக் கழுவி அதில் உட்காரவைத்தோம்.

ஆகஸ்ட் 13

அண்ணன். இறால்காரர் மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறாராம். "யோசிச்சு சொல்றேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மா கேட்டிருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 14

கேட்டிருக்கிறாள். காலையிலிருந்து என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 15

நான் கொடிக்கம்பத்துப் பக்கம் போய்விட்டு வருவதற்குள் யாரையோ கூப்பிட்டு மூட்டையை இறக்கியிருக்கிறாள். அண்டா நிறையத் தண்ணீர், அதற்குள் விதை. முப்பது கிலோவும். "தண்ணி இன்னும் வரலயேம்மா" என்றேன். "ஊறட்டும்" என்றாள். ஊறப்போட்ட விதையைத் திரும்ப மூட்டையில் கட்ட முடியாது, இது அவளுக்குத் தெரியாதா!

ஆகஸ்ட் 16

தண்ணீரை வடித்து, ஈரச்சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூட்டம் வைத்தாகிவிட்டது. பத்து மணிக்குக் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன், சூடு ஏறியிருக்கிறது. நாளை மறுநாள் காலைக்குள் வயலில் ஈரம் வேண்டும். வெளியே யாரோ டார்ச் அடித்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் ஓடுகிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்து